அலமாரிக்குள் ஒரு கொட்டகை

வைகுண்ட ஏகாதசியன்று ஸ்ரீரங்கத்து வீடுகளில் இரவைக் கழிப்பது லேசான காரியமல்ல. விடியற்காலையில் கூட்டத்தில் நசுங்கிப் பரமபத வாசலைக் கடந்து வந்தாயிற்று. பகல் முழுவதும் பட்டினியும் கிடந்தாயிற்று. ஆனால் புண்ணியம் முழுசாக வந்து சேர வேண்டுமானால் இரவெல்லாம் கண் விழித்தாக வேண்டுமே! பஜனை செய்து கண் விழித்தார்கள் ஒரு தலைமுறையினர். பரமபத சோபான படத்தை விரித்து, தாயக்கட்டை உருட்டி, பாம்பின் வாயில் விழுந்து, மறுபடியும் ஏணியேறிக் கண் விழித்தார்கள் இன்னொரு தலைமுறையினர். அப்புறம் சினிமாக் கொட்டகைக்காரர்கள் இந்தப் புண்ணியத்தில் தங்களுக்கும் ஒரு பங்கு உண்டென்று புறப்பட்டு, ஒரே டிக்கெட்டுக்கு இரண்டு படம், மூன்று படம் என்று விடிய விடியக் காட்டினார்கள். 1980-க்குப் பிறகோ கொட்டகையே வீட்டுக் கூடத்துக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது.

"டெக்" என்று ஜனங்கள் அதற்குப் பெயரிட்டார்கள். ஒரு நாள் வாடகைக்கு டெக்கும், கூடவே கலர் டெலிவிஷன் பெட்டியும், மூன்று கேஸட்டுகளும் கிடைக்கும். மூன்றில் இரண்டு புதுப் படம். மூன்றாவது கேஸட்டு வீட்டுப் பெரியவர்களின் வாயை அடைப்பதற்காக எடுத்து வருவது. அநேகமாக அது "ஹரிதாஸ்" ஆகவே இருக்கும். புதுப் படங்கள் இரண்டும் ஓடி முடிந்து, சிறுவர் சிறுமியர் கிடந்த இடத்திலேயே சுருண்டு தூங்கிப் போன பிறகு, இரவு 2 மணிக்கு "ஹரிதாஸ்" ஆரம்பமாகும். எங்கள் வீட்டில் பாட்டி அதற்காகவே விழித்திருப்பாள். தியாகராஜ பாகவதர் குதிரை மீது பாடிக்கொண்டு வரும்போது அவள் முகத்தில் பசியும் தெரியாது, தூக்கமும் தெரியாது. 1944-ம் வருஷம் தீபாவளிக்கு வெளிவந்து, சென்னை பிராட்வே கொட்டகையில் மூன்று தீபாவளிகளைக் கண்ட படம் அது. அவளோ அன்று புதுக் கல்யாணப் பெண்ணாகத் திருச்சியில் பார்த்தவள். நாற்பது வருஷத்துக்குப் பிறகு தன் வீட்டுக் கூடத்தில், தனக்கு வேண்டிய பாட்டை இரண்டாம் தடவை ஓட்டச் சொல்லிக் கேட்க முடிகிறதென்றால், அது அவளுக்குப் பரமபதத்துக்கு அடுத்த படிதான்.

இப்படித்தான் எங்கள் ஊரில் பழைய பேசும் படங்களைச் சேர்க்கும் பைத்தியம் பலருக்குப் பிடித்தது. வாடகைக் கேஸட்டிலிருந்து ஒரு பிரதி எடுத்துக் கொள்வார்கள். டெலிவிஷனில் பழைய படம் போட்டால் பொத்தானை அழுத்திப் பதிவு செய்வார்கள். சிங்கப்பூரிலிருந்து வரும் உறவினருக்கு, "புடவை வேண்டாம், சென்ட் வேண்டாம், அங்கே 'சிவகவி' கேஸட்டு கிடைக்குமா பார்" என்று கடுதாசி போகும். உறவினர் இதைக் கேட்டுத் தலையில் அடித்துக் கொண்டிருப்பார் என்பதில் சந்தேகமில்லை.

பைத்தியம் என்று சொன்னேன். அந்த வார்த்தையை இனி வாபஸ் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

*

படத்தை விலைக்கு வாங்கிச் சொந்தமாக வைத்துக் கொள்வது என்பது திருச்சிக்குப் புதிய விஷயமல்ல. தென்னிந்தியாவில் அந்த வழக்கத்துக்குத் தொட்டில் போட்ட ஊர்களில் இது முக்கியமானது. 1905-ம் வருஷத்தில் சாமிக்கண்ணு வின்ஸென்ட் என்ற கோயமுத்தூர் இளைஞர் தென்னிந்திய ரயில்வேயில் வேலையாகத் திருச்சியில் இருந்தார். அப்போது டுபான்ட் என்னும் பிரெஞ்சுக்காரர் ஒருவர் படம் காட்டும் யந்திரத்துடனும் சில படச்சுருள்களுடனும் ஊர் ஊராகச் சுற்றிவிட்டுத் திருச்சிக்கு வந்து சேர்ந்தார். வந்த இடத்தில் அவருக்கு உடம்பு சரியில்லாமல் போயிற்று. சாமான்களையெல்லாம் விற்றுவிட்டு ஊர் திரும்ப விரும்பினார். ரயில்வே குமாஸ்தாவின் சம்பளத்தில் அவற்றை வாங்குவதென்றால் லேசா? ஆயிரக் கணக்கில் பணம் புரட்டி வாங்கினார் வின்ஸென்ட். வாங்கிய சுருள்களில் இயேசுநாதரின் சரித்திரமும் ஒன்று. உத்தியோகத்தை உதறிவிட்டுக் கூடாரத்தைத் தூக்கிக் கொண்டு கிளம்பினார். பிற்பாடு 1914-ல் கோயமுத்தூரில் "வெரைட்டி ஹால்" எழுப்பியவர் அவர்தான்.

அந்த நாளில் படத்தை வாடகைக்கு விடும் ஏற்பாடு கிடையாது. விலைக்கு வாங்கினவன் சுருள் தேய்ந்து அறுந்து போகிற வரையில் ஓட்டுவான், அறுந்ததும் எறிந்துவிடுவான். படம் என்பது சாசுவதமாக வைத்துக் காப்பாற்ற வேண்டிய பொருள் என்ற எண்ணம் அன்றைக்குப் பெரும்பாலோருக்கு இருக்கவில்லை. வாழையிலையைக் கழுவிப் பரணில் வைக்கிறவர்கள் உண்டா? சாப்பிட்டாயிற்று, எறிந்தாயிற்று. அவ்வளவுதான்.

இந்த வாழையிலைச் சித்தாந்தத்தினால் நாம் இழந்தது கொஞ்சநஞ்சமல்ல. தமிழின் முதல் பேசும் படமென்று பெயர் பெற்ற "காளிதாஸ்" 1931-ம் வருஷம் அக்டோபர் 31 அன்று வெளியாயிற்று. திருவையாற்றில் பிறந்த டி. பி. ராஜலக்ஷ்மி அதில் கதாநாயகி. கதை காளிதாஸனுடையதாக இருந்தாலும் ராட்டையையும் காந்தி மகாத்மாவையும் பற்றிய பாட்டு ஒன்று அதில் இருந்தது! ஸென்ஸார் கத்தரிக்கோலுடன் உட்கார்ந்திருந்த வெள்ளைக்கார சர்க்காரின் காலத்தில், புராண வேஷத்துக்குள் தேச பக்தியை நுழைத்த அந்தச் சாமர்த்தியத்தைப் பார்க்க இன்று நமக்குக் கொடுத்து வைக்கவில்லை. படத்தின் ஒரு பிரதியும் மிஞ்சவில்லை. பம்பாயில் அதே வருஷம் வந்த ஹிந்திப் படமான "ஆலம் ஆரா"வுக்கும் அதே கதிதான். புனா நகரத்துத் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தைத் தம் வாழ்நாள் வேலையாக வளர்த்த பி. கே. நாயர், அதன் தயாரிப்பாளர் அர்தேஷிர் இரானியைத் தேடிக்கொண்டு போனாராம். "இரண்டு மூன்று சுருள் எங்கேயோ கிடக்கிறது" என்றாராம் கிழவர். அவருடைய மகனோ நாயரைத் தனியே அழைத்து, அவற்றிலிருந்து வெள்ளியை எடுத்துக்கொண்டு மிச்சத்தைத் தாமே தொலைத்துவிட்டதாகச் சொன்னாராம்.

வெள்ளியா என்று நேயர்கள் கேட்கலாம். ஆம், படச்சுருளில் உருவம் நிற்பதே வெள்ளிப் பூச்சினால்தான். படம் ஓடி ஓய்ந்த பிறகு சுருளைக் கழுவி வெள்ளியைப் பிரித்து விற்பார்கள். மிஞ்சும் ஸெல்லுலாய்டு வளையல் பட்டறைக்குப் போகும். நம் பாட்டிமார்களின் கைகளில் கலகலத்த வளையல்களில் சில, யாரோ ஒரு ராஜபார்ட்டின் முகமாக இருந்தவை என்று நினைத்துப் பார்த்தால் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

வெள்ளிக்குத் தப்பினவற்றை நெருப்பு தின்றது. சுமார் 1951 வரையில் உலகெங்கும் வழங்கிய படச்சுருள், நைட்ரேட் என்னும் ரஸாயனத்தால் ஆனது. வெடிமருந்துக்கு ஒன்றுவிட்ட சகோதரம். தீப்பற்றிக் கொண்டால் தண்ணீரை ஊற்றி அணைக்க முடியாது. பற்றிக் கொள்ளாவிட்டாலும், நம் ஊர் வெயிலில் மெதுவாக உருகிப் பிசுபிசுத்து, கடைசியில் பழுப்புத் தூளாக உதிர்ந்துவிடும். பிற்பாடு வந்த அபாயமற்ற சுருளுக்கு வேறு வியாதி: காடி நாற்றம் எடுக்க ஆரம்பித்துச் சுருண்டு போகிறது. 2003-ல் புனாவிலேயே தீ விபத்து ஏற்பட்டு, காப்பகத்துப் பழைய நைட்ரேட் சுருள்கள் அழிந்து போயின.

*

திருச்சிக்காரர்களுக்கு இதில் தனிப்பட்ட துக்கம் ஒன்று உண்டு. பாகவதர் மாயவரத்தில் பிறந்தவர் என்றாலும் வளர்ந்தது, பாடக் கற்றது, பேர் வாங்கியது எல்லாம் திருச்சியில். ரயில்வே அதிகாரியும் ரஸிக ரஞ்ஜன சபையை நிறுவியவருமான எப். ஜி. நடேசய்யர், சிறுவனாக இருந்த தியாகராஜனின் குரலைக் கேட்டுத் தம் "ஹரிச்சந்திரா" நாடகத்தில் லோகிதாஸனாக மேடையேற்றினார். 1959-ல் சென்னையில் காலமான பிறகு அவருடைய சரீரமும் இந்த ஊருக்கே வந்து சேர்ந்தது, சங்கிலியாண்டபுரத்தில் அடங்கியிருக்கிறார்.

அவர் நடித்த படங்கள் மொத்தம் 14. எண்ணிக்கை சொற்பந்தான். ஒருவருடைய கலை வாழ்வு முழுவதையும் ஒரு மர அலமாரியின் ஒரே தட்டில் அடுக்கி விடலாம் என்று தோன்றும். அடுக்க முயன்றவர்களுக்குத்தான் அதிலுள்ள ஓட்டைகள் தெரியும். 1937-ம் வருஷத்துச் "சிந்தாமணி" எங்கே? அதன் லாபத்தில் மதுரையில் ஒரு கொட்டகையே கட்டி அதற்குச் "சிந்தாமணி" என்று பெயர் வைத்தார்கள். ஒரு வருஷத்துக்கு மேல் ஓடிய படம். வீட்டில் தோசை வார்க்கும் பெண்களும், காவிரியில் முழுகும் ஆண்களும் அதன் பாட்டுகளை முணுமுணுத்துத் திரிந்தார்கள். அந்தப் படம் இன்று இல்லை. கொட்டகை கட்டுமளவுக்குச் சம்பாதித்துக் கொடுத்த படத்துக்கு ஒரு தகரப் பெட்டியில் இடம் கொடுக்க யாருக்கும் தோன்றவில்லை.

இன்னொரு நஷ்டம், சங்கீத ரஸிகர்களின் வயிற்றெரிச்சல். திருச்சி ஜில்லாக்காரரான முசிரி சுப்பிரமணிய ஐயர் தம் ஆயுளில் ஒரே ஒரு படத்தில் நடித்தார். 1938-ல் வந்த "துக்காராம்". முசிரியின் கச்சேரியைக் கேட்டவர்கள், உருக்கத்துக்கு அவர் ஒருவர்தான் என்பார்கள். அந்த உருக்கம் பக்த துக்காராமின் வேஷத்தில் எப்படி இருந்திருக்கும்? இசைத்தட்டுகளில் குரல் இருக்கிறது. முகம் இல்லை. அந்தப் படமும் தொலைந்து போனவற்றில் ஒன்று.

இசைத்தட்டு இருந்தால் போதாதா என்று ஒருவர் என்னிடம் வாதாடினார். போதாது. அந்த நாளைய பேசும் படத்தில் பாடுகிறவர் காமிராவுக்கு முன் நின்று பாடினார். மரத்துக்குப் பின்னால் பிடில்காரரும் மிருதங்கக்காரரும் மறைந்து உட்கார்ந்து வாசித்தார்கள். கிராமபோன் தட்டுக்காக அதே பாட்டைப் பெரும்பாலும் வேறொரு நாள், வேறோர் அறையில், மறுபடி பாட வேண்டும். தட்டின் ஒரு பக்கத்தில் மூன்றேகால் நிமிஷத்துக்கு மேல் ஏறாது. ஆகவே நிரவலைக் குறைத்து, ஸ்வரத்தைச் சுருக்கி, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே பாடுவார்கள். படத்திலோ வித்வான் இஷ்டத்துக்கு மூச்சு விடுகிறார். ஒரே பாட்டின் இரண்டு வடிவம் அவை. ஒன்றிருந்தால் மற்றது வேண்டாம் என்று சொல்லுகிறவர், கச்சேரிக்குப் போவதற்குப் பதில் நோட்டீஸை வாசித்துவிட்டுத் திரும்புகிறவர்.

*

சரி, கிடைத்திருக்கும் படங்களாவது வீடியோவில் ஒழுங்காக இருக்கின்றனவா? உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: பார்ப்பதற்கு மனத்தைரியம் வேண்டும். தேய்ந்த பிரதியிலிருந்து ஒரு பிரதி, அதிலிருந்து டெலிவிஷனுக்காக ஒரு பிரதி, அதிலிருந்து கேஸட்டு, கேஸட்டிலிருந்து வி.ஸி.டி. தகடு என்று ஐந்தாறு ஜன்மம் எடுத்து நம் கைக்கு வருகிறது. ஒவ்வொரு ஜன்மத்திலும் ஏதோ கொஞ்சம் கழன்றிருக்கும். டி. ஆர். ராஜகுமாரியின் முகம் பௌர்ணமிச் சந்திரன் மாதிரி வெளுத்து, கண்ணும் மூக்கும் காணாமல் போயிருக்கும். எல்லோருடைய தலையும் சட்டத்துக்கு மேலே வெட்டுப்பட்டிருக்கும். ஒரு வி.ஸி.டி. தகட்டில் 74 நிமிஷந்தான் ஏறும். ஆகவே பாட்டின் நடுவில் படம் நின்று, "அடுத்த தகட்டைப் போடவும்" என்று உத்தரவு வரும். போதாக்குறைக்கு, பக்தன் கண்ணனை நோக்கிக் கதறும்போது அடியில் கடையின் விலாசமும் டெலிபோன் நம்பரும் ஊர்ந்து செல்லும்.

ஆனாலும் பாருங்கள், இந்தக் கந்தல் பிரதிகளில்தான் சிலருடைய நடை, உடை, பாவனை பிழைத்திருக்கிறது. "ஹரிதாஸ்" படத்தில் மனைவியாக வரும் என். ஸி. வசந்தகோகிலம் 1951-லேயே இளம் வயதில் மறைந்த சங்கீத மணி. "சகுந்தலை"யில் எம். எஸ். சுப்புலக்ஷ்மிக்கு எதிரே துஷ்யந்தனாக நிற்பவர் ஜி. என். பாலசுப்பிரமணியம், அவர் எப்படி நிமிர்ந்து நின்றார், எப்படித் தலையைச் சாய்த்தார் என்பதை அவர் காலத்துக்குப் பின் பிறந்த சங்கீத மாணாக்கன் பார்க்க வேறு வழி ஏது?

"சகுந்தலை"யைச் சொன்னால் எல்லிஸ் ஆர். டங்கனைச் சொல்லாமலிருக்க முடியாது. ஒஹையோ மாகாணத்துப் பார்ட்டன் என்ற சிற்றூர்க்காரர். ஹாலிவுட்டுக்குப் பக்கத்து யூனிவர்ஸிடியில் படப்பிடிப்பு வித்தை கற்றவர். 1935-ல் இந்தியாவுக்கு வந்து, தமிழில் ஒரு வார்த்தையும் தெரியாமல் தமிழ்ப் படங்களை டைரக்ட் செய்து, 1950 வரையில் இங்கேயே இருந்தார். பாகவதரின் "அம்பிகாபதி"யை 1937-ல் எடுத்தவர் இவர். அதற்கு முந்தின வருஷந்தான் ஹாலிவுட்டில் "ரோமியோ ஜூலியட்" வந்திருந்தது. கம்பரின் மகன் சோழ ராஜகுமாரியைக் காதலித்த கதைக்குள், ஷேக்ஸ்பியரின் உப்பரிகைக் காதல் காட்சியின் சாயலை இளங்கோவனின் தமிழ் வசனத்துடன் கொண்டு வந்து வைத்தார்கள்.

ஒரு நாள் இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுப் பார்த்தேன். ஹாலிவுட் தகட்டை அமெரிக்காவிலிருக்கும் மருமகன் அனுப்பினான். அதிலும் ஒரு தொல்லை: அவர்கள் தேசத்துத் தகடு நம் தேசத்து யந்திரத்தில் ஓடக்கூடாது என்று உலகத்தை மண்டலம் மண்டலமாகப் பங்கு போட்டிருக்கிறார்கள், அவர்களுடையது முதல் மண்டலம், நம்முடையது ஐந்தாவது. எல்லா மண்டலத்துக்கும் பொதுவான யந்திரம் தேடிப் பிடித்துப் போட்டேன். அடடா! நேற்று எடுத்த படம் போல் இருந்தது. ஜூலியட்டின் நெற்றியில் விழுந்த ஒரு மயிரிழையை எண்ணலாம். மூச்சுச் சத்தம் கூடக் கேட்கிறது. அதை எடுத்துவிட்டு "அம்பிகாபதி"யைப் போட்டேன். மழை பெய்தது. சோழ நாட்டில் மாதம் மும்மாரி என்பார்கள். இங்கே படம் முழுதும் ஓயாத மழை. மழைக்கு அப்பால் யாரோ ஒருவர் தேவகானம் பாடுகிறார்.

இரண்டுக்கும் வயசு வித்தியாசம் ஒரே வருஷம். ஒன்று அரண்மனையில் வளர்ந்தது; மற்றது தெருவில் கிடந்தது.

இதனால் அமெரிக்கர்கள் எல்லாவற்றையும் காப்பாற்றி விட்டார்கள் என்று யாரும் எண்ண வேண்டாம். அவர்களும் வாழையிலைக்காரர்கள்தாம். 2013-ல் அந்நாட்டுக் காங்கிரஸ் நூல் நிலையம் வெளியிட்ட ஆராய்ச்சியின்படி, அவர்கள் எடுத்த முழுநீள மௌனப் படங்கள் ஏறக்குறைய 11,000-த்தில், வெளிவந்தபடியே முழு உருவில் பிழைத்திருப்பவை நூற்றுக்கு 14-தான். ஆனால் அவர்களுடைய சேகரிப்பாளர்கள் செய்த காரியம் ஒன்று நமக்குப் பாடமாக வேண்டியது. அங்கே ஆரம்பகாலப் பேசும் படங்கள் பலவற்றில் பேச்சு படச்சுருளில் இராது. "வைட்டபோன்" என்ற முறையில் 16 அங்குலத் தட்டுகளில் தனியே இருக்கும். படம் ஓடும்போது தட்டும் கூடவே சுற்ற வேண்டும். நாளடைவில் படம் ஒரு காப்பகத்துக்கும், தட்டு யாரோ ஒருவர் வீட்டுப் பரணுக்கும் போய்ச் சேர்ந்தன. ஊமைப் படம் ஓரிடத்தில். உருவமில்லாத குரல் ஓரிடத்தில். 1991-ல் பழைய இசைத்தட்டுப் பிரியர்கள் சிலர் கூடி, "வைட்டபோன் திட்டம்" என்று பெயர் வைத்து, நாடெங்கும் பரண்களைத் துழாவச் செய்து, எந்தத் தட்டு எந்தப் படத்துக்கு என்று ஜாதகப் பொருத்தம் பார்த்துச் சேர்த்து வைத்தார்கள். அறுபது வருஷம் ஊமையாகக் கிடந்த படங்கள் பல, மறுபடியும் வாய் திறந்தன. அவர்கள் சர்க்கார் உத்தியோகஸ்தர்கள் அல்லர். நம்மைப் போல் வீட்டாரிடம் வசவு வாங்கிக் கட்டிக்கொண்ட சேகரிப்பாளர்களே!

*

நம் தேசத்து நிலைமையைப் பற்றி ஒரு வார்த்தை. "தியாக பூமி"யை அறியாத தமிழ்க் குடும்பம் இராது. 1939-ல் கே. சுப்பிரமணியம் டைரக்ட் செய்தார். கல்கியின் கதை, படத்தின் காட்சிகளையே சித்திரங்களாகக் கொண்டு "ஆனந்த விகட"னில் தொடர்ந்து வந்தது. சம்பு சாஸ்திரியாக நடித்தவர் பாபநாசம் சிவன், டி. கே. பட்டம்மாளின் குரலில் தேசத்தொண்டுக்கு அழைக்கும் பாட்டு. காங்கிரஸ் மந்திரிசபை ராஜினாமாச் செய்த பிறகு, 1940-ல் ஆங்கில சர்க்கார் அந்தப் படத்துக்குத் தடை விதித்தது. தடை விதித்தவர்கள் கப்பலேறிப் போய் எத்தனையோ காலமாகிவிட்டது. படம் புனாக் காப்பகத்தில் பிழைத்திருக்கிறது. அந்நிய சர்க்கார் தடை செய்த படத்துக்கு இப்படி ஒரு நல்ல காலம் பிறந்தது. யாரும் தடை செய்யாத "சிந்தாமணி" நம்முடைய அசிரத்தையாலேயே மாண்டது.

1954-ம் வருஷத்திலேயே நாம் ஒரு சட்டம் செய்து கொண்டோம்: தேசத்தில் அச்சாகும் ஒவ்வொரு புத்தகத்திலும் ஒரு பிரதி சென்னைக் கன்னிமாரா நூல் நிலையத்துக்கும், கல்கத்தா, பம்பாய், டில்லி நூல் நிலையங்களுக்கும் போய்ச் சேர வேண்டும் என்று. ஜோஸிய நோட்டுப் புத்தகத்துக்குக் கூட அந்தப் பாக்கியம் உண்டு. சினிமாப் படத்துக்கு அப்படி ஒரு சட்டம் செய்யவில்லை. 1964-ல் புனாவில் காப்பகம் திறந்தபோது நம் பேசும் படத்துக்கு வயது 33. அதற்குள் போகவேண்டியது போய்விட்டது. திறந்த பிறகும், படம் தானாக அங்கே போய்ச் சேராது. நாயரைப் போன்ற ஒருவர் ரயிலேறிப் போய்க் கெஞ்சி வாங்கி வர வேண்டும்.

இன்னொரு விசித்திரம் சட்டத்தில் இருக்கிறது. படம் வெளிவந்து 60 வருஷமான பிறகு பதிப்புரிமை தீர்ந்து, அது பொது ஜனங்களின் சொத்தாகிவிடும். "ஹரிதாஸ்" 2005-ம் வருஷம் ஜனவரி முதல் தேதியிலிருந்து உங்களுக்கும் எனக்கும் சொந்தம். நல்ல சொத்துத்தான்! பத்திரம் நம் கையில் இருக்கிறது. நிலத்தின் மண்ணைக் காற்று அடித்துக்கொண்டு போகிறது. உரிமை காலாவதியான படத்தைச் சுத்தம் செய்து வெளியிட எந்த முதலாளி பணம் போடுவார்? போட்ட மறுநாளே பக்கத்துக் கடைக்காரர் அதே பிரதியை எடுத்து விற்கலாமே! ஆகையால் கேஸட்டுக் கடைகள் சில காலம் கொடுத்த கந்தல் பிரதிகளே, பல படங்களுக்கு நம் வீடுகளில் கிடைத்த ஒரே வடிவமாயின. மலிவு விலையில் தகடுகள் குவிந்த காலமும் வந்து போயிற்று. இப்போது எல்லாம் கம்பியில்லாமலே கைப்பெட்டியில் வந்துவிடுகிறது என்கிறார்கள். வருவது வாஸ்தவம். வந்தது ஒரு நாள் சொல்லாமல் மறைந்தும் விடுகிறது. அலமாரியில் இருக்கும் தகடு அப்படிப் போவதில்லை.

ஆனால் அலமாரியும் நித்தியமல்ல. வீடியோ நாடாவின் பரம வைரி நம் காவிரிக்கரை ஈரம். ஐப்பசி கார்த்திகையில் கேஸட்டைத் திறந்தால் நாடாவின் விளிம்பில் வெண்ணெய் தடவினாற்போல் பூஞ்சணம் பூத்திருக்கும். அப்படியே டெக்கில் செருகினால் நாடாவும் போச்சு, டெக்கின் தலையும் போச்சு. வருஷத்துக்கு ஒரு தடவையாவது நாடாவை முழுக்க ஓட்டிச் சுற்றி வைக்க வேண்டும். படுக்கப் போடாமல் நிறுத்தி வைக்க வேண்டும். டெலிவிஷன், ஒலிபெருக்கி முதலியவற்றின் காந்தத்துக்கு அருகே கொண்டு போகலாகாது. எல்லாவற்றுக்கும் மேல், டெக் என்ற யந்திரமே உலகத்தில் இனி உற்பத்தியாகப் போவதில்லை. கடைசியாகச் செய்து கொண்டிருந்த ஜப்பானியக் கம்பெனி 2016-ம் வருஷம் ஜூலையோடு நிறுத்திவிட்டது. இருக்கும் டெக்குகள் உயிரோடிருக்கும்போதே நாடாவிலுள்ளதைக் கம்ப்யூட்டருக்கு மாற்றிக் கொள்ளாதவர்களுக்கு, மிஞ்சப் போவது கறுப்புப் பெட்டிதான்.

*

இதையெல்லாம் இவ்வளவு அக்கறையாக எழுதும் என் வீட்டிலேயே நடந்ததைச் சொல்லாவிட்டால் நியாயமாகாது.

என்னிடம் "அசோக்குமார்" கேஸட்டு ஒன்று இருந்தது. 1941-ம் வருஷத்துப் படம். சித்தூர் நாகையா அசோக சக்கரவர்த்தி, கண்ணாம்பா திஷ்யரக்ஷிதை, பாகவதர் குணாளன். மூன்று பேர் கைமாறி, மிகவும் கெஞ்சி வாங்கிப் பிரதி செய்தது. கேஸட்டின் முதுகில் ஒரு சிறு பிளாஸ்டிக் பல் இருக்கும். அதை ஒடித்துவிட்டால் அப்புறம் யாரும் அதன் மேல் வேறொன்றைப் பதிவு செய்ய முடியாது. ஒடிக்கலாம், ஒடிக்கலாம் என்று நாளைக் கடத்தினேன். 1988-ல் என் தம்பி பிள்ளைக்கு உபநயனம் நடந்தது. வீடியோக்காரர் பெரிய விளக்கும் காமிராவுமாக வந்து படம் பிடித்தார். அதைக் கேஸட்டில் ஏற்றிக் கொடுக்கிறேன், கேஸட்டுக்குத் தனி விலை என்றாராம். சிக்கனத்தில் பேர் போன எங்கள் சித்தப்பா, "வீட்டில் அத்தனை கேஸட்டு கிடக்க, புதுசு எதற்கு?" என்று அலமாரியிலிருந்து ஒன்றை உருவிக் கொடுத்தார். எதை உருவினார் என்பதை நேயர்கள் ஊகித்திருப்பீர்கள்.

ஒரு மாதம் சித்தப்பாவோடு நான் பேசவில்லை. கேஸட்டைத் தொடவும் மனமில்லை. பல வருஷங்களுக்குப் பின், எல்லா நாடாக்களையும் கம்ப்யூட்டருக்கு மாற்ற உட்கார்ந்தபோது அதையும் போட்டேன். ஓமப் புகையில் எல்லோரும் கண்ணைக் கசக்கிக் கொள்கிறார்கள். மடிசார் கட்டிக்கொண்டு பாட்டி வருகிறாள். காமிராவைப் பார்த்து வெட்கப்பட்டு முகத்தைத் திருப்பிக் கொள்கிறாள். அவள் நடமாடும் படம் வேறெதுவும் எங்களிடம் இல்லை. சித்தப்பா பந்தியில் பாயசம் விசாரிக்கிறார். அவரும் போய்விட்டார். பிரம்மோபதேசம் ஆகி, ஆசீர்வாதம் ஆகி, பிக்ஷை வாங்கி, ஒரு மணியும் சில நிமிஷங்களும் ஆனபோது உபநயனம் தீர்ந்தது. திரையில் பொரி பொரியாகப் புள்ளிகள் கொட்டின.

நிறுத்துவதற்குக் கையை நீட்டினேன். அதற்குள் புள்ளிகள் விலகின. கண்ணிழந்த குணாளன், மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு, பாதிப் பாட்டில் பாடிக்கொண்டே தெருவில் வந்தான். படத்தின் பிற்பகுதி முழுவதும் அப்படியே அடியில் இருந்திருக்கிறது. உபநயனத்தையும் அதையும் பிரிக்காமல் ஒன்றாகவே எடுத்து வைத்திருக்கிறேன்.